கொடுத்த வேலை ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஒருவரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அது நம் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சின்னக் குழுக்களை நடத்திப் பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இந்தப் பழுதை என்னிடமும் பிறரிடமும் எத்தனை தடவை சரிசெய்தேன் என்பதற்குக் கணக்கில்லை. "ஆள் சரியில்லை" என்று தொடங்கும் புகார்களில் பெரும்பாலானவை, நோண்டிப் பார்த்தால், வேலையைக் கொடுத்த விதத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் கீழே எந்த அறிகுறியிலும் ஆளைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். சொன்ன வாக்கியத்தை மாற்றக் காசு ஆகாது. ஆளை மாற்றினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மேலிருந்து கீழாகச் சோதியுங்கள். ஒரு படியில் பழுது அகப்பட்டால் அதைச் சரிசெய்து ஒரு சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எதனால் குணமானது என்றே தெரியாது.

## முதலில் இரண்டு நிமிடச் சோதனை

வேலையைக் கொடுத்தபோது அனுப்பிய செய்தியை எடுங்கள். வாயால் சொன்னதென்றால் நினைவில் இருக்கிறபடி எழுதுங்கள். அதில் இந்த ஐந்தும் இருக்கிறதா?

- யார்? ஒரே ஒரு பெயர்.
- எதைக் கண்ணால் கண்டால் "முடிந்தது" என்போம்?
- எந்த நாள், எத்தனை மணி?
- எதுவரை என்னைக் கேட்காமல் அவரே முடிவெடுக்கலாம்?
- நடுவில் எப்போது எனக்குக் காட்ட வேண்டும்?

நான் பார்த்தவரை அதிகம் விடுபடுவது நான்காவது. ஐந்தில் எது இல்லையென்றாலும் படிப்பதை நிறுத்திவிட்டு அதை முதலில் அனுப்புங்கள். நிறையப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

## அறிகுறி: கிணற்றில் போட்ட கல்

சொன்னீர்கள், தலையாட்டினார். ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. கேட்டால், "அதையா? நான் செய்யணும்னா சொன்னீங்க?"

### அவருக்கு அது ஒப்படைப்பாகவே கேட்கவில்லை

"இதைக் கொஞ்சம் பார்க்கணும்." "அவங்ககிட்ட ஒரு தடவை பேசினா நல்லது." இந்த இரண்டிலும் யார் செய்ய வேண்டும் என்பது இல்லை. தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசுவது மரியாதை. வேலை கொடுக்கும்போது அதே மரியாதை நம் காலை வாரிவிடும். சொல்பவருக்கு அது கட்டளை, கேட்பவருக்கு வெறும் அங்கலாய்ப்பு.

சோதனை: உங்கள் வாக்கியத்தில் "நீங்கள்" இருக்கிறதா?

சரிசெய்ய: "இதை நீங்கள் செய்கிறீர்கள், வியாழன் மாலை ஐந்துக்குள்." அப்புறம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு உலகில் ஒரே பதில்தான் உண்டு. "எதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். விமானத்தில் ஒருவர் இன்னொருவரிடம் ஓட்டும் பொறுப்பைக் கொடுக்கும்போது மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் உண்டு: "உங்கள் கையில்", "என் கையில்", "ஆமாம், உங்கள் கையில்." நமக்கு மூன்று வேண்டாம், இரண்டு போதும்.

### இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்

வாட்ஸ்அப் குழுவில் "யாராவது பார்த்துக்கோங்க" என்று போட்டால் நான்கு கட்டைவிரல் வரும், வேலை நடக்காது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உரையாடலின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒலிக்கச் செய்து, கேட்பவர்களில் எத்தனை பேர் உதவிக்கு எழுகிறார்கள் என்று பார்த்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதத்தினர்தான். உயிர்ப் பிரச்சினைக்கே இந்தக் கதி என்றால் உங்கள் மாதாந்திர அறிக்கைக்கு என்ன நடக்கும்?

1972-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பயணிகள் விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேர் வரை இறந்தார்கள். விமானி அறையில் இருந்தவர்களின் கவனமெல்லாம் எரியாத ஒரு சின்ன விளக்கில் இருந்தது. உயரம் குறைந்துகொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை. திறமையில்லாத ஆட்கள் இல்லை. "நீ விமானத்தைப் பார்த்துக்கொள், நாங்கள் விளக்கைப் பார்க்கிறோம்" என்ற பிரிவினைதான் அங்கே நடக்கவில்லை.

சரிசெய்ய: ஒரு பெயர். மற்றவர் உதவிக்கு என்றால் அதையும் சொல்லுங்கள்: "பொறுப்பு இவருடையது, இன்னாரிடம் உதவி கேட்கலாம்."

### அவர் கையில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது

கையிலிருக்கும் வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு சொன்னார் என்றால் உங்களுடையது ஏழாவது. "இதை எடுத்தால் எதை இறக்கி வைக்கலாம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் இல்லை. பதில் உங்களிடம் இல்லையென்றால் நீங்கள் ஒப்படைக்கவில்லை, தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

### வேலை பிடிக்கவில்லை, அல்லது பயம்

இதைத் தனியாக, நிதானமாகப் பேச வேண்டும். என்னோடு இருந்த ஒருவர் குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் போன் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போனார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். விசாரித்தால், முந்தைய தடவை அந்த வாடிக்கையாளர் கன்னாபின்னாவென்று கத்தியிருக்கிறார். முதல் அழைப்புக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்ததற்கு நான் தேவைப்படவில்லை.

எப்போது வேறொருவரிடம் போவது: குழுவில் எல்லார் கையும் நிரம்பி வழிகிறதென்றால் பட்டியலோடு உங்கள் மேலதிகாரியிடம் போங்கள், ஒப்படைப்புத் திறமையால் அது தீராது. தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, எதிலும் மனம் நிற்கவில்லை என்று அவர் சொன்னால் அது மருத்துவரோ மனநல ஆலோசகரோ பார்க்க வேண்டிய விஷயம். வேலையை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: "ஆகிட்டே இருக்கு"

மூன்று வாரமாக "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது." சதவீதம் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். "இப்போது இருக்கிற நிலையில் அப்படியே காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட ஏதாவது இருந்தால் எங்கே நிற்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எதுவும் இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

காரணம் பெரும்பாலும், கெடு கடைசியில் மட்டும் இருப்பது. பத்து நாள் வேலையை இரண்டாம் நாளே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திசை தவறியிருந்தால் அப்போது திருப்புவதற்கு இரண்டு நாள்தான் நஷ்டம்.

அடுத்தது, அவர் வேறு யாருக்காகவோ காத்திருப்பது. "யாரிடமிருந்து என்ன வரவேண்டும்?" என்று கேளுங்கள். சொன்னால், அந்தக் கதவைத் தட்டுவது உங்கள் வேலை. அவர் தட்டினால் திறக்காத கதவு நீங்கள் தட்டினால் திறக்கும்.

மூன்றாவது, எப்படிச் செய்வதென்றே தெரியவில்லை, கேட்கக் கூச்சம். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து முதல் துண்டைச் சேர்ந்தே செய்யுங்கள்.

கெடு நெருங்குகிறதே என்று இன்னொரு ஆளைச் சேர்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதிகம் செலவு வைப்பதும் அதுதான். புதியவருக்கு விளக்குவதிலேயே பழையவரின் நேரம் போகும். வேலையை ஒட்டுறவில்லாத இரண்டு துண்டாக வெட்ட முடிந்தால் மட்டும் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: எல்லாம் உங்களிடமே திரும்பி வருகிறது

"சார், இதுக்கு என்ன பண்ணலாம்?" ஒரு நாளைக்கு இருபது தடவை. வேலையைக் கொடுத்த பிறகு முன்னைவிட அதிகமாக உழைக்கிறீர்கள். என்னிடம் உதவி கேட்டு வருபவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

### நீங்கள் பதில் சொல்கிறீர்கள்

எளிமையான காரணம், ஏற்றுக்கொள்ளக் கடினமானது. "சரி, நான் பார்த்துச் சொல்றேன்" என்று நீங்கள் சொன்ன நொடியில் வேலை கைமாறிவிட்டது. அவர் நிம்மதியாகப் போய்விட்டார், இனி காத்திருப்பது மட்டும்தான் அவர் பொறுப்பு.

சோதனை: ஒரு நாள் முழுக்க அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் கோடு போடுங்கள். நான் போட்ட முதல் நாளே மதியத்துக்குள் ஒன்பது.

சரிசெய்ய: "இரண்டு வழி யோசியுங்கள், உங்களுக்கு எது சரியென்று படுகிறது என்பதோடு வாருங்கள்." முதல் வாரம் அவருக்கு எரிச்சலாக இருக்கும், உங்களுக்கும்தான். மூன்றாவது வாரத்தில் பாதிக் கேள்விகள் வராமலே நின்றுவிடும், யோசித்தபோதே அவருக்கு விடை கிடைத்திருக்கும். ஒன்று மட்டும்: வீடு பற்றி எரியும்போது இதைச் சொல்லாதீர்கள். அவசரத்தில் கேட்டால் பதிலைச் சொல்லுங்கள், பாடத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

### எல்லை எங்கே என்று தெரியவில்லை

அவர் கேட்ட கடைசிப் பத்துக் கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று பெட்டியில் ஒன்றில் போடுங்கள்: சொல்லாமலே செய்யலாம், செய்துவிட்டுச் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அப்படி நான் ஒருமுறை பிரித்தபோது பத்தில் ஏழு நடுப் பெட்டியில் விழுந்தன. அப்படி ஒரு பெட்டி என் மனதில் இருப்பதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. பட்டியலை அவரிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது பெட்டி காலியாக இருக்கக் கூடாது. திரும்ப எடுக்க முடியாத முடிவுகள் கட்டாயம் உங்களிடம் வர வேண்டும். அவை வருவதைப் பழுது என்று நினைக்காதீர்கள்.

### பொறுப்பு இருக்கிறது, சாவி இல்லை

கோப்பைத் திறக்க அனுமதி இல்லை, பணம் விடுவிக்கக் கையெழுத்து இல்லை, அடுத்த துறைக்கு இவர்தான் பொறுப்பு என்றே தெரியாது. பிறகு உங்களிடம் வராமல் எங்கே போவார்? சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நீங்களே ஒரு செய்தி போடுங்கள்: "இனி இதில் இவர் சொல்வதே முடிவு." அப்புறம் யாராவது பழக்கதோஷத்தில் உங்களிடம் வந்தால் அவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

சாவி கொடுக்கிறேன் என்று உங்கள் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கொடுக்காதீர்கள். அவர் பெயரில் தனி நுழைவு, தேவைப்படும் அனுமதி மட்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் செய்தது என்று தெரிய வேண்டும், அது அவருக்கும் பாதுகாப்பு.

### ஒருமுறை முடிவெடுத்துத் திட்டு வாங்கியவர்

கடினமான காரணம் இது. எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொன்றையும் கேட்கிறார் என்றால், எப்போதோ தானாகச் செய்த ஒன்றுக்கு எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். உங்களிடமே வாங்கியிருக்கலாம். இதற்குப் பேச்சு மருந்தாகாது. அவர் அடுத்து ஒரு முடிவெடுத்து அதில் சின்ன நஷ்டம் வரும்போது, மற்றவர்கள் முன்னால் அவர் பக்கம் நில்லுங்கள். மாற்றிக்கொள்ள வேண்டியதைத் தனியே சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால்தான் நம்பிக்கை திரும்பும்.

## அறிகுறி: பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது

நேரத்துக்கு வந்தது, உழைத்தும் இருக்கிறார். ஆனால் நீங்கள் நினைத்தது இதுவல்ல.

முதலில் ஒரு கேள்வி: தவறா, அல்லது உங்கள் பாணியில் இல்லையா? யார் செய்தது என்று தெரியாமல் கைக்கு வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா? ஆமாம் என்றால் பழுது வேலையில் இல்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

### "எதற்கு" என்று சொல்லவில்லை

ஒருமுறை வாடிக்கையாளர் பட்டியல் கேட்டேன். அறுநூறு பெயர், அகர வரிசையில், தொலைபேசி எண்ணோடு, அழகாக வந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஆறு மாதமாகத் தொடர்பில் இல்லாதவர்கள் மட்டும், கூப்பிட்டுப் பேசுவதற்கு. "விட்டுப்போனவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதற்கு" என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் உழைப்பு வீணாகியிருக்காது. குற்றம் முழுக்க என்னுடையது. அவரிடம் அதைச் சொன்னேன் என்பதுதான் ஒரே ஆறுதல்.

### அளவில்லாத சொற்கள்

நன்றாக, சுருக்கமாக, சீக்கிரம், கொஞ்சம் விவரமாக. இவற்றைச் செய்தியில் தேடி எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு மாதிரியைக் கொடுங்கள்: முன்பு சரியாக வந்த ஒன்று, சரியில்லாத ஒன்று. பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இது வேகம்.

### நடுவில் நீங்கள் மனம் மாறினீர்கள்

ஆனால் அதை மனதுக்குள்ளேயே மாற்றிக்கொண்டீர்கள். நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

### படிகளைச் சொன்னீர்கள், முடிவைச் சொல்லவில்லை

பதினான்கு படி எழுதிக் கொடுத்தால் பதினான்கையும் செய்வார், ஐந்தாவது படியில் நிலைமை மாறியிருந்தாலும். அனுபவம் உள்ளவருக்கு முடிவை மட்டும் சொல்லுங்கள். புதியவருக்குப் படிகள் தேவை, ஆனால் மேலே முடிவையும் ஒரு வரி எழுதுங்கள்.

### திறமை போதவில்லை

கடைசியாக இது. மாதிரியோடு அதே வேலையை மறுபடி கொடுத்துப் பாருங்கள். தவறு அதே இடத்தில் வந்தால் அவருக்கு அந்தப் பகுதி தெரியவில்லை, கற்றுக்கொடுத்தால் போதும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்தால் கவனமோ நேரமோ இல்லை. முதல் அறிகுறிக்குப் போய், கையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மூன்று சுற்று ஆகியும் மாறவில்லை என்றால்தான் அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: கடைசியில் நீங்களே உட்கார்ந்து செய்கிறீர்கள்

இங்கே பழுது உங்கள் பக்கம்தான். "நானே செய்தால் அரை மணி, சொல்லிக்கொடுத்தால் ஐந்து மணி." ஒரே ஒரு தடவை வரும் வேலை என்றால் சரியான கணக்கு, நீங்களே செய்துவிடுங்கள். வாரா வாரம் வருவதென்றால் வருடத்துக்கு 26 மணி நேரம். ஐந்து மணி மலிவு.

இன்னொரு பழக்கம்: அவர் கொடுத்ததை ராத்திரி உட்கார்ந்து சத்தமில்லாமல் திருத்துவது. அவருக்குத் தவறு இருந்ததே தெரியாது, அடுத்த வாரமும் அதே வரும். குறித்துத் திருப்பிக் கொடுங்கள்.

## அறிகுறி: தவறு உங்களுக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டான் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வருவார். உடனே தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவரைத் திட்டினால் அடுத்த நாள் கயிறு இருந்தும் பயன் இல்லை.

உங்கள் கயிறு எப்படி இருக்கிறது? கடைசியாக ஒருவர் கெட்ட செய்தி கொண்டுவந்தபோது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன? "யார் பண்ணினது?" என்றால் காரணம் கிடைத்துவிட்டது. "இப்போது எந்த அளவில் இருக்கிறது?" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வகை மட்டும் வேறு. கணக்கு ஒத்துவரவில்லை, ரசீதுகள் காணோம், அவர் விடுப்பே எடுப்பதில்லை, வேறு யாரும் கோப்பைத் தொடக்கூடாது என்கிறார். நீங்களே கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். குற்றமற்றவராக இருந்தால் உறவு கெடும், இல்லையென்றால் ஆதாரம் கெடும். பதிவுகளை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு ஒரு தணிக்கையாளரை அழையுங்கள், தேவைப்பட்டால் வழக்கறிஞரையும். இனிமேலுக்கு, பில் எழுதுகிறவரும் பணம் விடுவிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

## அறிகுறி: அவர் லீவு போட்டால் எல்லாம் நிற்கிறது

ஒரே வழி, நெருக்கடி இல்லாத வாரத்தில் அவரை லீவில் அனுப்பிப் பார்ப்பது. எங்கெல்லாம் நிற்கிறது என்று குறித்து, திரும்பி வந்ததும் அவற்றை எழுதிவைக்கச் சொல்லுங்கள். பல வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்திருப்பதில், மோசடியைப் பிடிப்பதோடு இந்தச் சோதனையும் நடந்துவிடுகிறது.

## கொடுக்கவே கூடாதவை, கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டியவை

உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாதவரிடம் ஒப்படைக்க முடியாது, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். செவிலியர் பணியில் வேலையைப் பகிர்வதற்கே ஐந்து சோதனை வைத்திருக்கிறார்கள்: சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. ஒன்று இடித்தாலும் கொடுப்பதில்லை. மற்ற தொழில்களுக்கும் இது கெடுதல் இல்லை.

உங்கள் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவோ சொத்தையோ வங்கிக் கணக்கையோ கையாளவோ ஒருவரை நியமிப்பதென்றால் வழக்கறிஞரை வைத்து அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். எதுவரை, எந்தத் தேதிவரை என்று எல்லை போட்டு எழுதச் சொல்லுங்கள். ஒருவரின் சம்பளம், தண்டனை, வேலைநீக்கம் பற்றிய பேச்சை அவருக்குச் சமமான இன்னொருவர் வாயில் வைக்காதீர்கள். அதை நீங்களே செய்யுங்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு.

## எதுவும் பலிக்கவில்லை, திரும்ப வாங்க வேண்டும்

மேலே உள்ளவற்றைச் சோதித்தும் ஓடவில்லை என்றால் வேலையைத் திரும்ப வாங்குங்கள். மெல்ல மெல்லப் பிடுங்குவதும், இன்னொருவரிடம் ரகசியமாகக் கொடுத்து வைப்பதும் வேண்டாம். இரண்டும் எப்படியும் தெரிந்துவிடும். நேரில் கூப்பிட்டு, "இந்த வேலையை இன்றிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இன்ன காரணம். உங்களிடம் இருக்கும் மற்ற இரண்டும் உங்களுடையவைதான்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அன்று மாலைக்குள் சம்பந்தப்பட்டவர்களுக்குப் புதிய பெயரை அறிவித்து, பழைய நுழைவு அனுமதிகளை எடுத்துவிடுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியலை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள், அவருக்குத்தான் அது தெரியும்.